தையல் தாங்கும்வரை

மே 21, செவ்வாய்

இன்று கேட்டுவிட்டோம். பதினைந்து மாதமாக இருவரும் வாய்க்குள்ளேயே வைத்திருந்த கேள்வி. கடைசியில் என் வீட்டுக்காரர்தான் கேட்டார். "இன்னொரு தடவை பாக்கலாமா மேடம்?"

டாக்டர் என் பழைய எம்.ஆர்.ஐ. படத்தை உறையிலிருந்து உருவி விளக்குப் பலகையில் செருகினார். அது அவருக்குக் காட்டுவதற்காக. எனக்கு அந்தப் படம் மனப்பாடம்.

"கருப்பை சாதாரணமா கொய்யாப்பழம் மாதிரி இருக்கும். இவங்களுக்கு ஒரு பக்கம் மட்டும்தான் வளந்திருக்கு, வாழைப்பழம் மாதிரி. பிறவியிலேயே இப்படித்தான். வலது பக்கக் கிட்னியும் சேந்து வளரலை. பிள்ளைக்கு இடம் கம்மி."

"ஆபரேசன் செஞ்சு சரியாக்க முடியாதா?"

"வெட்டி எடுக்க எதுவும் இல்லைங்க. இல்லாத பாதியை நாம உண்டாக்கவும் முடியாது. கருப்பை வாயில தையல் போடலாம், மருந்து தரலாம், அடிக்கடி பாத்துக்கலாம். இதே மாதிரி இருக்கவங்க நிறையப் பேரு பிள்ளை பெத்திருக்காங்க. குறைமாசத்துல பிறக்கலாம். மறுபடி போகவும் செய்யலாம். ரெண்டையும் சொல்லிடறேன்."

"நூத்துக்கு எத்தனைன்னு..."

"நம்பர் கேக்காதீங்க. சிஸ்டருக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும்தான். நான் கிராம சுகாதாரச் செவிலியர். நான்கு ஊர்கள் என் பொறுப்பு. பதிவேட்டில் இன்றைக்கு முப்பத்தோரு கர்ப்பிணிகள். முப்பத்தோரு பேருடைய தேதியும் சொல்வேன்.

எனக்கு முதலாவது ஒன்பதாவது வாரத்தில் போனது. இரண்டாவது, போன வருடம் பிப்ரவரியில், இருபத்திரண்டாவது வாரத்தில். ஆண். இறந்து பிறந்தது.

திரும்பி வரும்போது அவர் சொன்னார்: "உனக்கு வேண்டாம்னா வேண்டாம் புஷ்பம். நான் தெனமும் நாப்பது பிள்ளைகளக் கூட்டிட்டுப் போய்ட்டு வாரேன். எனக்கு அது போதும்." பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் சொல்லக்கூடிய பொய்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு, "பாக்கலாம்" என்றேன்.

ஜூலை 4, வியாழன்

துணை சுகாதார நிலையத்தில், ஊராருக்கு எடுக்கும் அதே பெட்டியிலிருந்து ஒரு அட்டை. இரண்டு கோடு.

சாயங்காலம் அவரிடம் வேறெதுவும் சொல்லவில்லை. "நாளையிலேருந்து நான் ஸ்கூட்டி ஓட்டல. நீங்க கொண்டு விட்டுருங்க" என்றேன். வேனைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியோடு அப்படியே நின்றார். பிறகு துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

ஜூலை 24, புதன்

துடிப்பு இருக்கிறது. நிமிடத்துக்கு 138. இது மட்டும் எழுதினால் போதும்.

ஆகஸ்ட் 7, புதன்

தடுப்பூசி நாள். பதினேழு குழந்தைகள். ஒன்று என் கைக்கடிகாரத்தைக் கடித்துவிட்டது.

கவுசல்யா என்றொரு புதுப்பெண் வந்தாள். இருபது வயது. கணவன் மகாராஷ்டிராவில் முறுக்குக் கம்பெனியில் இருக்கிறான். நாலு மாதம் முடிந்த வயிற்றோடு சிரித்துக்கொண்டு வந்து நிற்கிறாள்.

"மூணு மாசத்துக்குள்ள பதியணும்னு யாரும் சொல்லலையா?"

"சொன்னாவ நர்சம்மா. வெளிய சொன்னா கண்ணு படும்னு அத்தைதான் பொறு பொறுன்னாவ."

கண்ணாவது படுவதாவது என்று திட்டினேன். ரத்தம் குறைந்தால் யாருக்குத் தெரியும், பிரஷர் ஏறினால் யாருக்குத் தெரியும் என்று மாமியாரையும் சேர்த்து நிற்கவைத்துத் திட்டினேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் திட்டினேன்.

எனக்கு ஒன்பது வாரம் இரண்டு நாள். என் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

முதலாவது கலைந்த வாரத்தைத் தாண்டிவிட்டேன். குமட்டல் இல்லை. நேற்று இருந்தது. குமட்டல் ஏன் நின்றது? இரண்டு தடவை பல் தேய்த்துப் பார்த்தேன். இரண்டாவது தடவை குமட்டியது. நிம்மதியாகச் சோறு வடித்தேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

ஜெசிந்தா அக்கா கண்டுபிடித்துவிட்டாள். எங்கள் பகுதிக்கு மேற்பார்வைச் செவிலியர். எதுவும் கேட்காமல் என் பையைத் திறந்து மாத்திரைப் பட்டையை எடுத்துப் பார்த்தாள்.

"எத்தன வாரம்டி?"

"பன்னெண்டு முடிஞ்சு நாலு நாள்."

"ஊருக்கெல்லாம் உபதேசம். உன் பிக்மி நம்பர் எங்க?"

கர்ப்பிணிகளுக்கு நான் பதிந்து கொடுக்கிற அரசாங்க எண் அது; எனக்கு இல்லை. அவளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என்னைப் பதிந்தாள். பெயர் தங்கபுஷ்பம். வயது முப்பத்து நாலு. கணவர் பெயர் பால்வண்ணன். எத்தனையாவது கர்ப்பம்? மூன்று.

"மொதலு அபார்சன். ரெண்டாவது செத்துப் பொறந்துச்சு, அப்படித்தான?"

திரையில் மூன்று கட்டங்கள் இருந்தன. கருச்சிதைவு. இறந்து பிறப்பு. உயிருடன் பிறந்து இறந்தது.

"ம்" என்றேன். அவள் நடுக்கட்டத்தை அழுத்தினாள்.

செப்டம்பர் 10, செவ்வாய்

தையல் போட்டாயிற்று. முதுகில் ஊசி. இடுப்புக்குக் கீழே யாருடைய கால்களோ கிடந்த மாதிரி இருந்தது. சுருக்குப்பையைக் கயிறு இழுத்துக் கட்டுவது போலத்தான், பத்து நிமிட வேலை என்றார் மேடம்.

"இது எதுவரைக்கும் தாங்கும் மேடம்?"

"தாங்குறவரைக்கும். வலி, கசிவு, ஒரு சொட்டு ரத்தம், எதுவா இருந்தாலும் உடனே வரணும். நீங்க யோசிக்கக் கூடாது. நர்ஸுங்க யோசிச்சிக்கிட்டே இருப்பீங்க."

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். என் நான்கு ஊர்களையும் பக்கத்துப் பகுதி நர்ஸ் கூடுதலாகப் பார்க்கிறாள். அவளுக்கே ஐந்து ஊர்.

செப்டம்பர் 27, வெள்ளி

ஒரு விசயம் எழுதியே ஆக வேண்டும். வாசலில் வேப்பிலை தொங்குகிறது.

அத்தையின் வேலை. என் மாமியார், எங்களோடுதான் இருக்கிறார். விசாரிக்க வருகிற தெருப் பெண்களைத் தாங்க முடியாமல், எனக்கு அம்மை போட்டிருப்பதாகச் சொல்லி இலையைக் கட்டிவிட்டார். இரண்டு வாரமாக ஒருத்தியும் வாசற்படி ஏறவில்லை. இன்று ஜெசிந்தா அக்கா போனில் கத்துகிறாள்: "உன் தெருவுல அம்மைன்னு எனக்குத் தகவல் வந்திருக்கு. மேல ரிப்போர்ட் பண்ணவா வேண்டாமா? சொல்லித் தொலை!"

அத்தையிடம் கேட்டேன். "பின்ன என்னத்தச் சொல்ல? 'என்ன விசேசம், எத்தன மாசம், இதாவது தங்குமா'ன்னு கேக்காளுவ. அம்மைன்னா ஒரு பய வர மாட்டான்" என்றார். பிறகு கூலிக்கு ஒட்டுகிற தீப்பெட்டிக் கட்டை மடியில் போட்டுக்கொண்டு சீரியல் பார்க்கப் போய்விட்டார்.

வயிறு குலுங்காமல் சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. சிரித்த பிறகு பயந்து, ஓடிப்போய்த் துணியைப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

அசைந்தது. தொப்புளுக்குக் கீழே, இடது ஓரத்தில். அவரைக் கூப்பிடவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. வெடிச் சத்தத்துக்கு உள்ளே துள்ளுகிறது. அவர் தெருமுனைக்குப் போய், "கொஞ்சம் தள்ளிப் போயி வெடிங்கலே" என்று பிள்ளைகளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். வேன் பிள்ளைகள் என்பதால் கேட்டார்கள்.

தினமும் காலையில் அவர்தான் பிரஷர் பார்க்கிறார். டிஜிட்டல் கருவி. பட்டையைச் சுற்றும்போது நாக்கைக் கடித்துக்கொள்கிறார். 118/76.

நவம்பர் 4, திங்கள்

இருபத்திரண்டு வாரம்.

நவம்பர் 6, புதன்

இருபத்திரண்டு வாரம் இரண்டு நாள். இரண்டாவது போன அன்றைக்கு இருபத்திரண்டு வாரம் மூன்று நாள்.

காலையிலிருந்து முதுகு வலிக்கிறது. படுத்தே கிடப்பதால் வருகிற வலி. அப்படித்தான் இருக்க வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வயிற்றில் கை வைத்து இறுகுகிறதா என்று பார்க்கிறேன். அந்தப் பிரசவ அறைக் கடிகாரத்தில் நொடி முள் சிவப்பு. ஏனோ இன்று முழுக்க அதுவே ஞாபகம்.

நவம்பர் 7, வியாழன்

சொல்லிவிட்டேன். எழுதினால்தான் நானே நம்புவேன் என்பதால் எழுதுகிறேன்.

மத்தியானம் முதுகுவலி கூடியது. மேடத்துக்குப் போன் செய்தோம், வரச் சொன்னார், போனோம். தையல் அப்படியே இருக்கிறது, கருப்பை வாயின் நீளம் குறையவில்லை, வெறும் தசைவலி. வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். அவர் தண்ணீர் கொண்டுவந்தார். டம்ளரை வாங்காமல், "அவன் செத்துப் பொறக்கல" என்றேன்.

டம்ளர் அவர் கையிலேயே இருந்தது.

"மூச்சு விட்டான். ஒன்பது நிமிசம். நான் நெஞ்சுல ஒரு விரல வச்சிருந்தேன். அந்த எடைக்கு ஒண்ணும் செய்ய முடியாதுன்னு டாக்டர் சொன்னாங்க, எனக்கும் தெரியும். வீட்டுக்காரரக் கூப்பிடவான்னு நர்சு கேட்டா. நான் வேண்டாம்னுட்டேன்."

"தெரியும்" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"ஆயாம்மா சொல்லுச்சு, துணியில சுத்தி எங்கைல குடுக்கையில. 'பிள்ள கொஞ்ச நேரம் இருந்துட்டுத்தான்யா போச்சு'ன்னு. அது சொல்லாட்டாலும் தெரிஞ்சிருக்கும். உடம்புல சூடு இருந்துச்சு புஷ்பம்."

"ஏன் இத்தன நாள் கேக்கல?"

"நீயே சொல்லுவன்னு இருந்தேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "நான் கதவுக்கு அந்தப் பக்கந்தான நின்னேன். ஒன்பது நிமிசம். கதவத் தட்டுனா கேக்குற தூரம். என்னக் கூப்பிட்டிருக்கலாம்லா."

பதில் இருக்கிறது, அதை இங்கே மட்டும் எழுதுகிறேன். அவர் உள்ளே வந்தால் அழுவார், எதையாவது செய்யச் சொல்லிக் காலில் விழுவார், அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அந்த ஒன்பது நிமிடமும் எனக்கு மட்டும் வேண்டும் என்றும் தோன்றியது. இதில் எது முதலில் தோன்றியது என்று எனக்கே தெரியாது.

அவர் வெளியே போய் வேனைக் கழுவினார். காலையில்தான் கழுவியிருந்தார்.

நவம்பர் 8, வெள்ளி

பேசவில்லை. மாத்திரையை நேரத்துக்கு எடுத்து வைக்கிறார். பிரஷர் பார்க்கிறார். எண்ணை மட்டும் சத்தமாகப் படிக்கிறார்.

நவம்பர் 10, ஞாயிறு

பேசவில்லை. அத்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார்.

நவம்பர் 12, செவ்வாய்

"தக்காளிச் சட்னியா, தேங்காச் சட்னியா?" என்று கேட்டார்.

"தக்காளி" என்றேன்.

இன்று இருபத்து மூன்று வாரம் ஒரு நாள். இவ்வளவு தூரம் நான் வந்ததே இல்லை.

நவம்பர் 29, வெள்ளி

அசையும்போது அவர் கையை எடுத்து வைத்தேன். கையை எடுக்காமல் வெகுநேரம் இருந்தார். முகத்தை மட்டும் காட்டவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

விடாத மழை. பள்ளிக்கூடம் லீவு. ஓடைப் பாலத்துக்கு மேலே தண்ணீர் போகிறது என்றார்கள்.

பதினொரு மணிக்குக் கவுசல்யா போன் செய்தாள். நான் லீவில் இருக்கிறேன், புது நர்ஸிடம் பேசு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் சொன்னாள்: "காலையிலேருந்து தல வெடிக்கி நர்சம்மா. கண்ணு முன்னால பூச்சி பறக்குத மாதிரி இருக்கு."

எழுந்து உட்கார்ந்தேன். "உங்க அத்தை கையில போனக் குடு."

மாமியார் வந்தார். மழைக் குளிருக்குத் தலைவலிதான், சுக்குப் பற்றுப் போட்டிருக்கிறேன் என்றார்.

"அம்மா, நான் சொல்லுதத மட்டும் செய்யுங்க. அவ கணுக்காலுக்கு மேல, எலும்பு மேல, கட்டைவிரல வச்சு நல்லா அமுக்குங்க. அஞ்சு எண்ணுங்க. எடுங்க. என்ன தெரியுது?"

"குழி விழுது."

"குழி மேல வருதா?"

"வரல நர்சம்மா. அப்படியே நிக்கி." அவர் குரல் மாறிவிட்டது.

முப்பத்து நான்காவது வாரம் அவளுக்கு. 108-க்குப் போன் செய்தேன். தண்ணீரைச் சுற்றிக்கொண்டு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். பக்கத்துப் பகுதி நர்ஸ் ஓடைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தாள்.

செருப்பைத் தேடினேன். உண்மையாகவே தேடினேன். ஒரு காலில் மாட்டியும் விட்டேன். அவர் கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ படு" என்றார். பிரஷர் கருவியை எடுத்துப் பையில் போட்டார். "எனக்குத்தான் பாக்கத் தெரியும்லா."

வேன் சத்தம் போனது. இருபது நிமிடத்தில் போன் வந்தது. "நூத்தி எழுவது. கீழ நூத்திப் பத்து."

"இன்னொரு தடவ."

"ரெண்டு தடவை பாத்துட்டேன் புஷ்பம்."

"இடது பக்கமாப் படுக்க வச்சுத் தூக்கிட்டுப் போங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு. எங்கயும் நிக்காதீங்க. மெயின்ரோடு வேண்டாம், கல்குவாரி வழியாப் போங்க. வாய் கோணுனா, கை கால் வெட்டி இழுத்தா, ஒருக்களிச்சே வச்சுக்கிடச் சொல்லுங்க. வாயில எதுவும் குடுக்கக் கூடாது. நான் அங்க பேசிருதேன்."

பேசினேன். தயாராக இருக்கச் சொன்னேன். ஒன்றேகால் மணி நேரம் கழித்து அவர் போன் வந்தது. உள்ளே எடுத்துக்கொண்டார்கள், ஊசி போட்டாயிற்று, ஆபரேசனுக்குக் கூட்டிப்போகிறார்கள்.

அப்போதுதான் கவனித்தேன். நான் நடந்துகொண்டிருந்தேன். அந்த ஒன்றேகால் மணி நேரமும் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்திருக்கிறேன்.

டிசம்பர் 13, வெள்ளி

காலையில் துணியில் கறை. பழுப்பு. ஒரு ரூபாய் அகலம்.

யோசிக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டோம்.

டிசம்பர் 14, சனி

தையலுக்கு மேலே கருப்பை வாய் விரியத் தொடங்கியிருக்கிறது. தையல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இனி வீட்டுக்குப் போக முடியாது. குழந்தையின் நுரையீரலுக்கான ஊசி நேற்று ஒன்று, இன்று ஒன்று.

"நான் நடந்ததாலயா மேடம்?"

"அப்படி யாராலயும் சொல்ல முடியாது."

"இல்லைன்னும் சொல்ல முடியாது."

"அதான் நர்ஸுங்கள வச்சு வைத்தியம் பாக்கறது கஷ்டம்" என்றார் மேடம். அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்காரர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தார். நான் அவரைப் போகச் சொன்னது தப்பா என்று கேட்டேன். "நீ எங்க போகச் சொன்ன? நானாத்தான போனேன்" என்றார். பிறகு, "அந்தப் பிள்ள வேனுக்குள்ள என் சட்டையப் புடிச்சிட்டே வந்துச்சு. பித்தான் ரெண்டு போச்சு" என்றார்.

டிசம்பர் 19, வியாழன்

இருபத்தெட்டு வாரம் மூன்று நாள். கவுசல்யா சுவரைப் பிடித்துக்கொண்டு என் வார்டுக்கு வந்தாள். தையல் போட்ட வயிற்றோடு இரண்டு மாடி. திட்ட வேண்டியது, திட்டவில்லை. ஆண் குழந்தை, ஆயிரத்து எழுநூறு கிராம், கண்ணாடி அறைக்குள் இருக்கிறதாம்.

"ஊர்ல எல்லாரும் சொல்லுதாக, உங்களுக்கு என்னாலதான்..."

"யாரு சொன்னா? உனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"எம்பிள்ள எலிக்குஞ்சு மாதிரி இருக்கான் நர்சம்மா. தொடவே பயமா இருக்கு. உங்களுக்கும் இப்படித்தான் இருக்கும். பயப்படாதீங்க, என்ன? நல்லாக் காலு ஒதைக்கான்."

இத்தனை வருடத்தில் என் பதிவேட்டில் உள்ள ஒருத்தி எனக்குப் புத்தி சொன்னது இதுதான் முதல் தடவை. நான் தலையாட்டினேன்.

டிசம்பர் 30, திங்கள்

முப்பது.

ஜனவரி 6, திங்கள்

முப்பத்தொன்று. எதிர்க் கட்டில் பெண்ணைக் காலையில் கூட்டிப்போனார்கள். பிறகு அவள் அம்மா மட்டும் வந்து பையை எடுத்துக்கொண்டு போனாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் வரை என் வயிற்றிலும் அசைவு இல்லை. இனிப்பாக ஏதாவது குடித்துப் பார் என்று நான் எல்லோருக்கும் சொல்வேன். அத்தை சீனித் தண்ணீர் கலக்கிக் கொடுத்தார். இருபது நிமிடம். பிறகு ஓர் உதை. அத்தை உட்கார்ந்த இடத்திலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

ஜனவரி 17, வெள்ளி

கையில் ஊசிக் குழாய் இருந்ததால் இரண்டு நாள் எழுத முடியவில்லை. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

புதன்கிழமை, மாட்டுப்பொங்கல். முப்பத்திரண்டு வாரம் இரண்டு நாள். மத்தியானச் சாப்பாட்டுத் தட்டை வாங்கக் கை நீட்டினேன், பனிக்குடம் உடைந்தது. வலிக்கவே இல்லை. தையல் அப்படியேதான் இருந்தது. ஆனால் குழந்தை தலை மேலே, இடுப்பு கீழாக இருந்தது. பாதிக் கருப்பைக்குள் திரும்ப இடமில்லை. உடனே ஆபரேசன் என்றார் மேடம்.

தள்ளுவண்டியில் போகும்போது பக்கத்தில் வந்த நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சிஸ்டர், எங்க வீட்டுக்காரர் வெளியில நிக்காரு. பால்வண்ணன். பிள்ளையத் தூக்கிட்டு வரும்போது அவரக் கூப்பிடணும்."

"அதெல்லாம் அப்புறம் காட்டுவோம் மேடம்."

"அப்புறம் இல்ல. அழுதாலும் அழாட்டாலும். உயிரு இருக்கோ இல்லையோ. முதல்ல அவரத்தான் கூப்பிடணும். பிள்ள கூடவே அவரும் நடந்து போகணும். நானும் நர்சுதான், எனக்கு ரூல்ஸ் தெரியும். எனக்காக இத மட்டும் செய்யுங்க."

நான் கத்தியிருக்க வேண்டும். தள்ளிக்கொண்டு வந்தவர் நின்றுவிட்டார். அந்த நர்ஸ் என் முகத்தைப் பார்த்தாள். சின்னப் பெண். "சரிம்மா" என்றாள்.

பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சத்தத்தை வைத்தே எனக்குத் தெரியும். உறிஞ்சும் சத்தம். கத்தரி. மேடத்தின் குரல், "வெளிய எடுத்தாச்சு." அதன்பின் ஒன்றுமில்லை. நான் எண்ண ஆரம்பித்தேன். பதினேழு வரை எண்ணினேன். பிறகு ஓர் அழுகை. அழுகை என்று சொல்ல முடியாது. பூனை தும்மினாற்போல ஒரு சத்தம்.

"பொண்ணு. ஆயிரத்து ஐந்நூத்திப் பத்து."

முகத்தைக் காட்டக்கூட நேரமில்லாமல் எடுத்துப் போனார்கள். கதவு திறந்தது. வெளியே அந்தச் சின்ன நர்ஸின் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது: "பால்வண்ணன் யாரு? பால்வண்ணன்! ஓடி வாங்க!"

அவர் என்னிடம் வர ஒன்றரை மணி நேரம் ஆனது.

"பாத்தீங்களா?"

"கூடவே போனேன். தள்ளிட்டுப் போகையில கண்ணத் தொறந்துச்சு புஷ்பம். என்னத்தான் பாத்துச்சு."

"மூச்சு?"

"மூக்குல குழாய் வச்சிருக்காங்க. நெஞ்சு உள்ள உள்ள இழுக்குது. நானும் அது கூடவே இழுத்து இழுத்து விட்டுட்டு இருந்தேன். தல சுத்தி விழுந்துருவீங்கன்னு நர்சு திட்டுச்சு."

"எத்தன நேரம் உள்ள விட்டாங்க?"

அவர் யோசித்தார். "மணி பாக்கலையே" என்றார்.

ஜனவரி 18, சனி

சக்கர நாற்காலியில் போய்ப் பார்த்தேன். என் உள்ளங்கையும் பாதி முன்கையும் சேர்ந்த நீளம். தோலுக்கடியில் நரம்பு தெரிகிறது. ஆயிரம் குழந்தையாவது தூக்கியிருப்பேன். இதைத் தொட நர்ஸிடம் அனுமதி கேட்டேன்.

ஜனவரி 21, செவ்வாய்

இன்று மூச்சு நின்றது. எங்கள் இருவர் கண் முன்னாலும். கருவி கத்தியது, ஆக்சிஜன் எழுபதுக்கு இறங்கியது, நீலம் ஏறியது. நர்ஸ் வந்து உள்ளங்காலைச் சுண்டினாள். மறுபடி சுண்டினாள். மூச்சு வந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு மூளை மூச்சுவிட மறந்துபோகும், வளர வளரச் சரியாகும், நானே எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன்.

அவர் என் தோளைப் பிடித்திருந்த இடம் சிவந்து போயிருக்கிறது. இருவரும் அங்கேயேதான் நின்றோம். யாரும் யாரையும் வெளியே அனுப்பவில்லை.

ஜனவரி 29, புதன்

மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். ஆயிரத்து அறுநூறு.

பிப்ரவரி 5, புதன்

மூச்சு மறப்பது நின்று எட்டு நாள் ஆகிறது. கங்காரு முறையில் நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கச் சொன்னார்கள். காலையில் நான். மத்தியானம் அப்பாவும் வைத்துக்கொள்ளலாம் என்றதும் அவர் சட்டையைக் கழற்றிவிட்டு, கூச்சத்தோடு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். குழந்தையை அவர் நெஞ்சில் குப்புறப் போட்டுத் துணியால் சுற்றிக் கட்டினார்கள். அவர் மூச்சைக்கூட அளந்துதான் விட்டார்.

நான் பால் பீய்ச்சுவதற்காகப் பக்கத்து அறைக்குப் போனேன். முடித்துத் திரும்பும்போது திரைக்கு அந்தப் பக்கம் அவர் பேசும் சத்தம் கேட்டது. வேன் நிற்கிற இடங்களையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பால் சொசைட்டியில் இரண்டு பேர் ஏறுவார்கள், வாட்டர் டேங்கில் ஒருத்தன் ஏறுவான், அவன் தினமும் டிபன்பாக்ஸை மறந்துவிட்டு வருவான்.

கொஞ்சம் நிறுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உனக்கு ஒரு அண்ணன் இருந்தான் பாத்துக்கோ. ஒன்பது நிமிசம் இருந்தான். அவன் தனியா இல்ல. உங்கம்மா கூடவே இருந்தா. நெஞ்சுல கைய வச்சிட்டுக் கூடவே இருந்தா."

கையில் பால் கிண்ணம், பதினெட்டு மில்லி. நர்ஸ் என்னைப் பார்த்து, உள்ளே போங்க என்று சைகை செய்தாள். தலையசைத்து மறுத்தேன். அவர் பேசி முடிக்கட்டும் என்று திரைக்கு வெளியிலேயே நின்றேன்.